எர்மெக் திறந்து வைத்த கோப்பு

அத்தியாயம் பதினொன்று

2025 பிப்ரவரி 13, வியாழக்கிழமை, காலை ஒன்பதே கால். கிர்கிஸ்தானின் நரின் நகரத்தில், லெனின் தெருவில் உள்ள குடிநீர்த் திட்ட வடிவமைப்பு அலுவலகம் ஒன்றில், பொதுக் கோப்பைத் திறந்த எல்லாத் திரைகளிலும் ஒரே வாசகம் வந்தது. ‘இந்தக் கோப்பை எர்மெக் திறந்து வைத்திருக்கிறார். இப்போது வாசிக்க மட்டுமே முடியும்.’

எர்மெக்கை அடக்கம் செய்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

வாசகத்தை முதலில் பார்த்தவன் மிர்லான். குழாய்ப் பாதைகளை வரைபவன், எர்மெக்கின் சித்தப்பா மகன். அவன் எழுந்து வந்து சைகலின் மேசைக்குப் பக்கத்தில் நின்றான். சொல்லவந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சால்வையைச் சரிசெய்துகொண்டான்.

“எஜே, கொஞ்சம் வந்து பாருங்க. நான் எதையோ தப்பா அழுத்திட்டேன்போல.”

“என்ன வந்துச்சு?”

“வந்து பாருங்களேன்.”

சைகல் போய்ப் பார்த்தாள். எர்மெக்கின் தங்கை, மிர்லானுக்கு எஜே, அதாவது அக்கா; அந்த அலுவலகத்தின் கணினிகளையும் சர்வரையும் பார்த்துக்கொள்பவள் அவள். இந்த வாசகத்தை நூறு முறையாவது பார்த்திருப்பாள். யாராவது கோப்பை மூடாமல் டீ குடிக்கப் போயிருப்பார்கள். கூப்பிட்டு மூடச் சொன்னால் முடிந்தது. இன்று கூப்பிட ஆள் இல்லை.

“நகல் எடுத்து வேற பேர்ல சேவ் பண்ணிடட்டுமா?” என்றான் மிர்லான். “சாயங்காலத்துக்குள்ள ஆய்வு அலுவலகத்துல ஒப்படைக்கணும். துக்கத்துக்காக ஒரு தடவை தள்ளிக் கொடுத்தாங்க. இன்னொரு தடவை தரமாட்டாங்க.”

“நகல்ல அண்ணனோட அத்தியாயம் இருக்கா?”

“தலைப்பு இருக்கு. கீழ பாதிப் பக்கம். அவ்வளவுதான்.”

அந்தப் பாதிப் பக்கம்தான் வீட்டை இரண்டாக்கியிருந்தது. கோச்கோர் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றுக்கான குடிநீர்த் திட்டக் கோப்பு அது. நான்காம் அத்தியாயமான நீரேற்று நிலையக் கணக்குகள் எர்மெக்கின் பொறுப்பு. இறந்த அன்று காலை மனைவி பெகாயிமுக்குப் போன் செய்து, “முடிச்சுட்டேன், இனிமே நிம்மதியாத் தூங்குவேன்” என்று சொன்னதாக அவள் சத்தியம் செய்தாள். வாசிக்க மட்டும் திறந்து பார்த்தபோது கோப்பில் பாதிப் பக்கம்தான் இருந்தது; திருத்துவதற்காக இன்று காலைவரை யாரும் அதைத் திறக்கவில்லை. அலுவலகத்தை நடத்தும் அப்பா ஒரொசாலி, எதையும் நாளைக்குத் தள்ளும் மகனின் சுபாவத்தை நாற்பது வருடமாக அறிந்தவர். “வாயால முடிச்சிருப்பான்” என்று ஒரே ஒரு முறை சொன்னார். சொல்லிவிட்டு அந்த அத்தியாயத்தைப் புதிதாக எழுத பிஷ்கெக்கிலிருந்து ஒரு பொறியாளரை அமர்த்தினார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு பெகாயிம் மாமனாரைப் பார்த்தால் தலை தாழ்த்தி வணங்குவாள், பேசமாட்டாள்.

சைகல் வாசகத்தை மறுபடி படித்தாள். திறந்து வைத்திருக்கிறார்.

“அண்ணன் கம்ப்யூட்டரை யார் ஆஃப் பண்ணினது?” என்று கேட்டாள்.

மிர்லான் யோசித்தான். “யாரும் ரூமுக்குள்ளயே போகலையே. பெரியப்பா அன்னிக்கே பூட்டிட்டார்.”

கதவுக்கு அடியில் ஒரு மாதமாக வெளிச்சம் தெரிந்துகொண்டிருந்தது. இறந்தவர் அறையில் நாற்பது நாள் விளக்கை அணைக்கக் கூடாது என்பதால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஊரெல்லாம் மின்வெட்டு இருந்தும், மருத்துவமனைக்குப் போகும் கம்பியிலேயே அலுவலகமும் இருந்ததால் இங்கே மின்சாரம் நின்றதில்லை. விளக்கு எரிந்தது. கூடவே கணினியும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அப்படியென்றால் அவன் எழுதியது உள்ளேதான் இருக்கிறது.

சைகல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்றைய காலை அவளுக்கு முழுசாக நினைவுக்கு வந்தது. எர்மெக் கதவில் சாய்ந்துகொண்டு சொன்னது:

“சைகல், உன் சர்வர் நான் எழுதினதை வாங்கமாட்டேங்குது. போட்டாத் துப்புது.”

அவள் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “சாப்பிட்டு வந்து பாக்கறேன். அதுவரைக்கும் மூடாதே, அப்படியே வை. உன் டெஸ்க்டாப்ல சேவ் பண்ணி வைக்காதே. அப்புறம் எது புதுசு எது பழசுன்னு நான்தான் தேடிச் சாகணும்.”

“உத்தரவு, தளபதி” என்று சல்யூட் அடித்துவிட்டுப் போனான். காரின் மேல் விழுந்திருந்த பனியைத் தள்ள முற்றத்துக்குப் போனவன், அங்கேயே விழுந்தான்.

‘எதையும் சொந்தக் கணினியில் சேமிக்காதீர்கள். பொது வட்டில் மட்டும்.’ சைகலின் கையெழுத்தில் அந்தத் தாள் ஒவ்வொரு அறைச் சுவரிலும் ஒட்டியிருந்தது. எந்த விதியையும் மதிக்காத எர்மெக் தங்கைக்காக அந்த ஒன்றை மட்டும் மதித்தான்.

“மிர்லான், உனக்கு எப்பவாவது சேவ் ஆகாம போச்சா?”

அவன் தரையைப் பார்த்தான். “போச்சு. வட்டுல இடமில்லைன்னு வந்துச்சு. நீங்க துக்கத்துல இருந்தீங்க, கேக்க மனசு வரல. அதனால நான் டெஸ்க்டாப்லதான்... திட்டாதீங்க எஜே.”

“திட்டல.”

அவள் சர்வரைத் திறந்தாள். பொது வட்டு முழுவதும் நிரம்பியிருந்தது. அடைத்துக்கொண்டிருந்தது என்ன என்று தேட நேரம் ஆகவில்லை. அத்தாவின், அதாவது அப்பா ஒரொசாலியின், எழுபதாம் வயது விருந்து வீடியோ. போன அக்டோபரில் முந்நூறு பேர் வந்த விருந்து. காலையிலிருந்து இரவு வரை எடுத்ததை வெட்டாமல் அப்படியே, உறவினர்கள் வந்து எடுத்துக்கொள்ள வசதியாக, அலுவலக வட்டில் போடச் சொன்னவர் அத்தாதான். வந்தவர்கள் ஆளுக்கொரு நகலை அங்கேயே விட்டுப் போயிருந்தார்கள். எர்மெக்கின் கணக்குகளுக்கு இடமில்லாமல் போனது அதனால்தான்.

அத்தாவுக்கு இது தெரியக் கூடாது என்று அவள் அப்போதே முடிவு செய்தாள். வீடியோ எல்லா உறவினர் வீட்டிலும் இருக்கும். இருந்த நகல்களை எல்லாம் அழித்தாள். வட்டில் இடம் வந்தது. இனி எர்மெக்கின் கணினியில் சேமி என்று அழுத்தினால் போதும்.

*

ஒரொசாலி தன் அறையில் சனிக்கிழமைக்கு வரும் விருந்தினர்களைப் போனில் அழைத்துக்கொண்டிருந்தார். நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்கு அறுக்கக் குதிரை சொல்லியாகிவிட்டது. போனை வைக்கும்வரை சைகல் நின்றாள்.

“அத்தா, அண்ணன் ரூம் சாவி வேணும்.”

“சனிக்கிழமை முடியட்டும்.”

“சனிக்கிழமை வரைக்கும் தாங்காது. இன்னிக்கு ஒப்படைக்கற ஃபைல் அவன் கம்ப்யூட்டர்ல திறந்தே இருக்கு. நான்காம் அத்தியாயம் அதுக்குள்ள இருக்கலாம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பிஷ்கெக்காரர் எழுதினது வந்துருச்சே.”

“அண்ணன் எழுதினது இருந்தா?”

“இருந்தா அன்னிக்கே வச்சிருப்பானே.”

“வைக்க முடியல. என்கிட்ட வந்து சொன்னான். நான் சாப்பிட்டு வந்து பாக்கறேன்னேன்.”

அப்பா துடைத்த கண்ணாடியை மேசையில் வைத்தார். பிறகு, “கம்ப்யூட்டர் ஓடறது எனக்குத் தெரியும்” என்றார். “பூட்டும்போது பாத்தேன். அதுவும் ஒரு வெளிச்சம்தானேன்னு விட்டுட்டேன்.”

கோட்டின் உள்பையிலிருந்து சாவியை எடுத்தார். அவளிடம் கொடுக்காமல் தானே எழுந்து நடந்தார்.

அறைக்குள் மூச்சு புகையாக வந்தது. பூட்டிய அன்றே வெப்பக் குழாயை மூடியிருந்தார்கள். மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக் கோப்பையில் தேயிலை காய்ந்து ஒட்டியிருந்தது. சுவரில் சைகலின் தாள். அதன் ஓரத்தில் எர்மெக் பேனாவால் ஒரு மீசை வரைந்திருந்தான்.

சைகல் மவுஸை அசைத்தாள். திரை விழித்தது. எர்மெக்கின் பெயர், அதற்குக் கீழே கடவுச்சொல் கேட்கும் கட்டம்.

“உனக்குத் தெரியாதா?” என்றார் அத்தா.

“சர்வருக்கெல்லாம் சாவி என்கிட்ட இருக்கு. இது அவனாப் போட்டது. வெளியிலேர்ந்து நான் ஃபைலைப் பிடுங்கலாம். பிடுங்கினா அவன் எழுதினது போயிடும். அதே மாதிரி கம்ப்யூட்டர் ஒரு தடவை அணைஞ்சாலும் போயிடும். உள்ள போய்த்தான் சேவ் பண்ணணும்.”

“அப்ப யாருக்குத் தெரியும்?”

அவள் சமையலறைப் பக்கம் திரும்பினாள். தாழ்வாரத்தின் கோடியிலிருந்து காயும் எண்ணெயின் வாசனை வர ஆரம்பித்திருந்தது. வியாழக்கிழமை, இறந்தவர்களுக்காகப் பொரிக்கும் நாள். வீட்டுப் பக்கம் காலையிலிருந்து மின்சாரம் இல்லாததால், எர்மெக்கின் பெயரில் போர்சோக் பொரிக்க அம்மாவும் பெகாயிமும் அலுவலகச் சமையலறைக்கே வந்துவிட்டிருந்தார்கள். மாவை வெட்டி எண்ணெயில் போட்டால் எழும் வாசனைதான் இறந்தவருக்குப் போய்ச் சேரும் உணவு. மின்னடுப்பின் இரண்டு தட்டுகளிலும் சட்டி ஏறியிருந்தது.

*

பெகாயிம் கை மாவோடு வந்தாள். கருநீலத் தலைத்துணி நெற்றிவரை இறங்கியிருந்தது. வாசலில் நின்று மாமனாரை வணங்கினாள். அறைக்குள் கால் வைக்கவில்லை.

“அண்ணி, பாஸ்வேர்ட் ஏதாவது உங்களுக்குத் தெரியுமா?”

“உங்க அண்ணன் என்கிட்ட சொன்னதில்ல.” அவள் பார்வை விளக்கின் மேல் இருந்தது. “எதுக்கு?”

“அவன் எழுதினது உள்ள இருக்கு. பாதிப் பக்கம்தான்னு நாம பாத்தது பழசு.”

பெகாயிம் மாமனாரைப் பார்க்கவில்லை. ஆனால் அவர் கேட்பதற்காகத்தான் சொன்னாள். “முடிச்சேன்னு அவர் சொன்னார்.”

“அதைத்தான் பாக்கப் போறோம், அண்ணி. உக்காருங்க.”

அவள் அந்த நாற்காலியில் உட்காரத் தயங்கினாள். பிறகு நுனியில் உட்கார்ந்தாள். மகள் பெயரைத் தட்டினாள், திறக்கவில்லை. மகள் பெயரோடு பிறந்த வருடம், அதுவும் இல்லை.

“குதிரை பேரு?” என்றான் வாசலில் நின்ற மிர்லான். “அந்தக் கிழட்டுக் குதிரையைப் பொண்டாட்டியைவிட நல்லாப் பாத்துக்கிட்டாரே.”

“நாக்கை அடக்குடா” என்றாள் சைகல். ஆனால் பெகாயிம் லேசாகச் சிரித்தாள். குதிரையின் பெயரையும் தட்டினாள். இல்லை.

அவள் விரல்களைத் தேய்த்துக்கொண்டாள். குளிர் என்று ஒரொசாலி நினைத்திருக்க வேண்டும். தன் அறைக்குப் போய் மின்கணப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். மருமகளின் காலருகில் வைத்துச் சுவரில் செருகினார். ஒரு மாதத்தில் அவளுக்காக அவர் நேராகச் செய்த முதல் காரியம் அது.

கணப்பின் கம்பி சிவந்தது. தாழ்வாரத்தில் டப் என்று ஒரு சத்தம்.

விளக்கு அணைந்தது. சமையலறையில் அம்மா, “அடுப்பு போச்சு” என்று குரல் கொடுத்தாள். திரை மட்டும் எரிந்தது. மேசைக்கு அடியில் இருந்த யூபிஎஸ் கூவத் தொடங்கியது.

“மிர்லான், மெயின் டிரிப்பாயிருக்கு. ஓடு.” சைகல் மண்டியிட்டுக் கீழே பார்த்தாள். பழைய பாட்டரி. பல வருடமாக மாற்றவில்லை. “அண்ணி, வேற என்ன இருக்கும்? சீக்கிரம்.”

பெகாயிம் கண்ணை மூடிக்கொண்டாள். ஏதோ ஒன்றைத் தட்டினாள். என்னவென்று யாரும் பார்க்கவில்லை.

திரை திறந்தது.

நடுவில் ஒரு சின்னக் கட்டம். வட்டில் இடமில்லை, சேமிக்க முடியவில்லை. எர்மெக் கடைசியாகப் பார்த்தது அதுதான். சைகல் அதை மூடினாள். பின்னால் பக்கம் தெரிந்தது. நீரேற்று நிலையத்தின் கடைசி அட்டவணை, அதன் கீழே ‘முடிவு’ என்ற தலைப்பு, ஆறேழு வரி, முற்றுப்புள்ளி. பக்கத்தின் அடியில் அவன் பெயரும் தேதியும்.

ஒரொசாலி குனிந்தார். கண்ணாடி அவர் அறையிலேயே இருந்தது. மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்கு வந்து படித்தார். உதடுகள் அசைந்தன.

தாழ்வாரத்தில் மிர்லான் மெயினைத் தூக்கினான். ஒரு நொடி விளக்கு எரிந்தது. கணப்பு இன்னும் செருகியே இருந்தது. மறுபடி டப்.

சைகலின் விரல்கள் தானாகப் போய்ச் சேமி என்பதை அழுத்தின. பத்து வருடப் பழக்கம். கோப்பு தன் இடமான பொது வட்டைத் தேடிப் போனது. சர்வருக்குத் தனி யூபிஎஸ் இருந்தது, அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இந்தக் கணினியையும் சர்வரையும் இணைக்கும் சின்னப் பெட்டி தாழ்வாரச் சுவரில் நேராகச் செருகப்பட்டது. அதில் இப்போது உயிரில்லை. திரையில் வட்டம் சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது. இல்லாத பாதையைக் கணினி தேடிக்கொண்டிருந்தது. முடியவில்லை என்று அது ஒப்புக்கொள்ளும்வரை வேறு எதையும் செய்ய விடாது.

டெஸ்க்டாப்பில் போட்டிருந்தால் கண் இமைக்கும் நேரம்.

அவளுக்கு அது அப்போதுதான் உறைத்தது. எதிரே சுவரில் அவள் எழுதிய தாள்.

“அத்தா, கணப்பைப் பிடுங்குங்க.”

அவர் பிடுங்கினார். மிர்லான் இரண்டாம் முறை மெயினைத் தூக்குவதற்குள் கூவல் நின்றது. திரை கருத்தது.

*

அதற்குப் பிறகு மின்சாரம் நிலைத்தது. கணினியை மறுபடி எழுப்பினார்கள். பெகாயிம் இரண்டாம் முறையும் கடவுச்சொல்லைத் தட்டினாள். இந்த முறை எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கணினி தானாக எடுத்து வைக்கும் நகல் ஒன்று இருந்தது. அதன் அளவு பூஜ்யம். தானாக எடுக்கும் நகலும் பொது வட்டுக்கே போகும்படி அமைத்தவள் சைகல். அன்று அங்கே அதற்கும் இடமில்லை.

“கொஞ்சம்கூட இல்லையா?” என்றாள் பெகாயிம்.

“இல்ல, அண்ணி.”

அவள் நாற்காலியின் நுனியிலிருந்து எழுந்தாள். விரலில் காய்ந்த மாவைத் தேய்த்து உதிர்த்தாள். வாசலில் மாமனார் நின்றிருந்தார். வழி விடவில்லை.

“முடிச்சிருக்கான்” என்றார்.

“நான் சொன்னேன்.”

“சொன்னே.” அவர் திரையைக் கையால் காட்டினார். “கடைசி அட்டவணை சரியாப் போட்டிருந்தான். இருப்பு பம்பை வடக்குப் பக்கம் வச்சிருக்கான். நானும் அங்கதான் வச்சிருப்பேன். பிஷ்கெக்காரர் தெற்கே வச்சிருக்கார்.”

பெகாயிம் தலைத்துணியின் நுனியை வாயில் வைத்துக்கொண்டாள். சத்தமே வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. ஒரொசாலி கையைத் தூக்கினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா தட்டில் போர்சோக்கோடு வந்தாள். முதல் சட்டி பொரிந்திருந்தது, இரண்டாவது பாதியில் நின்று எண்ணெய் குடித்திருந்தது. எர்மெக்கின் மேசையிலேயே தட்டை வைத்தார்கள். ஒரொசாலி ஓதினார். எல்லோரும் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். மிர்லான் எண்ணெய் குடித்ததாகத் தேடி எடுத்துத் தின்றான்.

“அத்தா” என்றாள் சைகல், மற்றவர்கள் போன பிறகு. “அண்ணன் பேரையும் சேத்துப் போடலாமே. பாத்தோமே, எழுதியிருந்தானே.”

“எழுதினவன் பேரைத்தான் போடணும். போற காகிதத்துல அவன் எழுத்து ஒண்ணும் இல்ல.” அவர் மேசை விளக்கைச் சரிசெய்தார். அது எரிந்துகொண்டிருந்தது. “அன்னிக்கு ஏன் சேவ் ஆகல? எதனாலன்னு தெரிஞ்சுதா?”

“நெட்வொர்க் கோளாறு.”

“ம்.” கதவருகே போனவர் திரும்பினார். “சனிக்கிழமை வர்றவங்களுக்கு அந்த எழுபதாம் வயசு வீடியோவைப் போட்டுக் காட்டு. கடைசியில எர்மெக் பாடுவான். நான் யாருக்கும் சொல்லல, ராத்திரியில வந்து இங்க சர்வர்லதான் அதைப் பாத்துக்கிட்டிருந்தேன். வீட்டு நகல் கெட்டுப்போச்சு.”

“சரி, அத்தா” என்றாள் சைகல்.

அவர் போனதும் அக்டோபர் விருந்துக்கு வந்த உறவினர்களின் எண்களைப் போனில் தேட ஆரம்பித்தாள். முதல் இரண்டு பேரும் தங்களிடம் இல்லை என்றார்கள். பார்க்க வேண்டுமென்றால் சர்வரில்தான் இருக்கிறதே என்றார்கள்.

மாலை ஐந்து மணிக்கு முன்பாக ஆவணம் ஆய்வு அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டது. நான்காம் அத்தியாயத்தின் கீழே பிஷ்கெக் பொறியாளரின் பெயர் இருந்தது. ஒரொசாலி முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பொதுக் கோப்பு எந்தப் பிழையும் காட்டாமல் சேமிக்கப்பட்டது.